எல்லாக் கானுக்கும் 0.013 பொருந்தாது

மலையக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: "மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளில் எந்தக் கானாக (வடிகாலாக) இருந்தாலும், கரடுமுரடைக் குறிக்கும் மேனிங் எண்ணுக்கு 0.013 போட்டால் போதும்." இது தவறு.

0.013 என்பது மழமழவென்று பூசிய கொங்கிரீட்டுக்கு உரியது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஓடும் கானை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அடியில் உருட்டுக் கற்கள், ஓரத்தில் இடுப்பளவு புல், வளைவில் சிக்கிய கவ்வாத்துக் குச்சிகள். கல்லும் பாறையும் நிறைந்த மலை ஓடைக்கு வழக்கமாக எடுக்கும் அளவு 0.04 முதல் 0.07 வரை. கானில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் இந்த எண்ணால்தான் வகுக்கிறோம். அதனால் 0.05 வரவேண்டிய இடத்தில் 0.013 போட்டால், அதே ஆழத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தண்ணீர் போகும் என்று கணினி காட்டும். அதை நம்பிச் சின்னதாகக் கான் வெட்டினால், அடைமழையன்று தண்ணீர் லயத்து வாசலுக்குத்தான் வரும்.

சரி, கொங்கிரீட் கானுக்கு? புதிதாக இருக்கும்வரை பொருந்தும். மண்ணும் சரளையும் படிந்த பிறகு எண் கூடும். அதனால் தயவுசெய்து கானோரமாக நடந்து பார்த்து, பகுதி பகுதியாக எண் கொடுங்கள். பெருமழைக்குப் பின் சுவரில் நிற்கும் சேற்றுக் கோட்டை அளந்து, மென்பொருள் காட்டும் நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். மழை அளவு சரியாக இருந்தும் இரண்டும் ஒத்துவராவிட்டால், முதலில் இந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள்.