ஓசியில் 5 நாள், எனக்கு ஒரு ஹைபன்

நேற்று ராத்திரி அந்தப் பதிவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அப்படியே இருங்கள். டொமைனை, அதாவது இணையதளத்தின் பெயரை, பதிந்து 5 நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற வசதிக்குக் கட்டுப்பாடு போட்டது சாமானியன் வயிற்றில் அடிக்கிற வேலையாம், அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டுமாம், இதுதான் அந்தப் பதிவு. நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அந்த 5 நாள் தப்பைத் திருத்திக்கொள்ளக் கொடுத்தது, பிழைப்பு நடத்தக் கொடுத்தது இல்லை. அதற்கு "அண்ணன் இன்னும் டயல்-அப் காலத்தை விட்டு வரலை" என்று ஒருத்தர், "ஐகான் மாசம் எவ்வளவு தருது" என்று இன்னொருத்தர் (டொமைன்களுக்கு விதி போடுகிற அமைப்புதான் ஐகான்). இரண்டாவதற்கு 43 பேர் சிரித்திருந்தார்கள். ஆமாம், எண்ணினேன்.

சரி, ஐகானின் சம்பளமில்லாத ஊழியன் பேசுகிறேன், கேளுங்கள்.

டாட் காம், டாட் நெட் பெயர்களை நாம் நேராக, அவற்றின் மொத்தப் பதிவேட்டை வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரியிடம் வாங்குவதில்லை. நடுவில் நமக்கு விற்கிற ரெஜிஸ்ட்ரார் இருக்கிறார். அவர் ஒரு பெயரைப் பதிந்து 5 நாளுக்குள் அழித்துவிட்டால் ரெஜிஸ்ட்ரி அவருக்கு முழுப் பணத்தையும் திருப்பி வரவு வைக்கும். எழுத்துப் பிழையோடு பதிந்தாயிற்று, திருட்டுக் கார்டில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்கிற மாதிரி சமயங்களில் இது கைகொடுக்கும். கவனியுங்கள், இந்தச் சலுகை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது. உங்களுக்கும் எனக்கும் யாரும் இதை உரிமையாக எழுதித் தரவில்லை. ரெஜிஸ்ட்ரார் மனசு வைத்தால் நமக்கும் பணம் திரும்பி வரும், வைக்காவிட்டால் வராது, அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். "நம் உரிமை போச்சே" என்று ஒப்பாரி வைக்கிறவர்கள் அது யார் வீட்டுச் சாவு என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

யார் வீட்டுச் சாவு என்று நானே சொல்கிறேன். 2005 வாக்கில் சில புத்திசாலிகளுக்கு ஒரு யோசனை வந்தது. 5 நாள் ஓசிதானே, லட்சக்கணக்கில் பதிவோம், ஒவ்வொன்றிலும் விளம்பரம் மட்டும் நிறைந்த ஒரு பார்க்கிங் பக்கத்தைத் தொங்கவிடுவோம், எந்தப் பெயரில் ஆள் வந்து க்ளிக் செய்கிறார்கள் என்று பார்ப்போம். வருடக் கட்டணத்தை விட அதிகமாகச் சம்பாதிக்கும் என்று தோன்றுகிற பெயரை வைத்துக்கொள்வது, மிச்சத்தை ஐந்தாம் நாளுக்குள் அழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இதற்கு டொமைன் டேஸ்டிங் என்று பெயர். ருசி பார்க்கிறார்களாம். பிரபலமான தளங்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப்போட்ட பெயர்களுக்குத்தான் அங்கே ஏக கிராக்கி. இதைவிடக் கில்லாடிகள் இருந்தார்கள். ஐந்தாம் நாள் அழித்த பெயரை அடுத்த நிமிடமே மறுபடி பதிந்து, மறுபடி அழித்து, ஒரு காசு கட்டாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அது கைட்டிங். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்தனை பெயர் தெரியுமா? 2006 ஏப்ரலில் பதிவான 3.5 கோடிப் பெயர்களில் நிஜமாகக் காசு கொடுத்து வாங்கப்பட்டவை 20 லட்சத்துக்குச் சற்று மேல்தான் என்று கோடாடி என்கிற ரெஜிஸ்ட்ராரை நிறுவிய பாப் பார்சன்ஸ் அப்போதே எழுதினார். அவரும் வியாபாரிதான், அவருக்கும் ஆயிரம் கணக்கு இருக்கும், சரி, அவரை விட்டுவிடுவோம். 2007 ஜனவரி மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டாட் காம், டாட் நெட் இரண்டிலும் சேர்த்து அழிக்கப்பட்டவை சுமார் 4.78 கோடி. அதில் 4.54 கோடியை அழித்தவர்கள் வெறும் 10 ரெஜிஸ்ட்ரார்கள். பத்தே பேர்! நேற்று நீங்கள் கண்ணீர் வடித்த சாமானியர்கள் இவர்கள்தான்.

இப்போது என் கதை. பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.

2007-ல் என் நண்பன் ஒருவன் எழுதிவைத்திருந்த கட்டுரைகளுக்கு ஒரு தளம் போட்டுக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பெயரை அவனே யோசித்து வைத்திருந்தான், இரண்டு சொல், சேர்த்து எழுதினால் அழகாக இருக்கும். ஒரு சாயங்காலம் தேடிப் பார்த்தோம், காலியாக இருந்தது. காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் யாரோ பதிந்திருக்கிறார்கள், பக்கத்தைத் திறந்தால் கடன் வேண்டுமா, கார் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று விளம்பரம். எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, யார் மீதும் குற்றம் சொல்லவும் மாட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால் காலி. பாய்ந்து போய்க் கார்டு எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் மறுபடி போய்விட்டது. இப்படி மூன்று தடவை. பேய் வீட்டு விளக்கு மாதிரி எரிவதும் அணைவதுமாக இருந்தது அந்தப் பெயர். ஒரு நாள் விடிய விடிய உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். சல்லிக்காசு கட்டாத யாரோ ஒருவரின் ஸ்கிரிப்டும் (தானாகவே பதிகிற நிரல்), முழுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் போட்டி போட்டோம். ஸ்கிரிப்ட் தூங்கவில்லை, நான் தூங்கிவிட்டேன்.

கடைசியில் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு ஹைபன் போட்டு வாங்கினோம். "பரவாயில்லடா, மூச்சு விட இடம் கிடைச்ச மாதிரி இருக்கு" என்றான் அவன். அவன் இப்போது இல்லை. தளம் இருக்கிறது, ஹைபனோடு, வருடாவருடம் நான்தான் புதுப்பிக்கிறேன். இதைச் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வியாதி குணமாகப் பெரிய ஆபரேஷன் எதுவும் தேவைப்படவில்லை. டாட் ஆர்க் ரெஜிஸ்ட்ரி 2007-லேயே, அளவுக்கு மீறி அழித்தால் பெயருக்கு 5 சென்ட் என்றது. வெறும் 5 சென்ட்! அழிப்புகள் மடமடவென்று சரிந்தன. 2008 தொடக்கத்தில் கூகுள், பதிந்து 5 நாள் ஆகாத பெயர்களில் தன் விளம்பரம் காசு தராது என்றது. அப்புறம் ஐகான், அதுவரை இப்படி அழித்த பெயர்களுக்கு வாங்காமல் விட்டிருந்த தன் கட்டணத்தை, பெயருக்கு 20 சென்ட், 2008 நடுவில் வாங்க ஆரம்பித்தது. 2009 ஏப்ரல் 1 முதல் முழுக் கொள்கையே வந்தது: ஒரு ரெஜிஸ்ட்ரார் அந்த மாதம் அழித்ததுபோக நிகரமாகச் சேர்த்த பெயர்களில் 10 சதவீதம், அல்லது 50 பெயர், இதில் எது அதிகமோ அதுவரைக்கும் அழித்தால் பணம் வாபஸ், அதற்கு மேல் கிடையாது. லட்சம் பதிந்து 99,500-ஐ அழிக்கிற ஆசாமிக்கு நிகரம் 500, அதில் 10 சதவீதம் 50. மிச்சமுள்ள 99,450-க்கும் முழுக் கட்டணம். டாட் காம் அப்போது மொத்த விலையிலேயே 6 டாலருக்கு மேல், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். 2008 ஜூனையும் 2009 ஏப்ரலையும் ஒப்பிட்டால் அழிப்புகள் 99.7 சதவீதம் குறைந்திருந்தன. உண்மையான சோதனை, உண்மையான தேவை என்றால் 20 சென்ட் கட்டியாவது செய்திருப்பார்களே? காசு என்றதும் ருசி போய்விட்டது.

இனி நேற்றைய வக்கீல்களுக்கு. "துணிக்கடையில் போட்டுப் பார்ப்பதில்லையா" என்றார் ஒருவர். போட்டுப் பாருங்கள் ஐயா. கடையில் உள்ள எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு போய், 5 நாள் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்து, ஆறாம் நாள் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடி அள்ளிக்கொண்டு போவதற்குப் பெயர் போட்டுப் பார்ப்பது இல்லை.

"சின்ன ரெஜிஸ்ட்ரார்கள் நசுங்கிவிட மாட்டார்களா" என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் அந்த 50. மோசடிக் கும்பல் ஒன்று திருட்டுக் கார்டுகளோடு புகுந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பதிந்துவிட்டால், அசாதாரணச் சூழ்நிலை என்று காரணம் காட்டி விலக்குக் கேட்கவும் விதியில் இடம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்து நின்றால் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டுமே.

"பெரிய கம்பெனிகளின் வர்த்தகப் பெயரைக் காப்பாற்றத்தான் இந்த விதி" என்பவருக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. அவர்களுக்கும் லாபம்தான், இருக்கட்டும். மழை பெய்தால் பணக்காரன் தோட்டமும்தான் நனையும். அவர்களிடம் வக்கீல் இருந்தார், டெல் கம்பெனி 2007-ல் டேஸ்டிங் ஆட்கள் மீது வழக்கே போட்டது. என் நண்பனிடம் யார் இருந்தார்? நான் இருந்தேன், நானும் தூங்கிவிட்டேன்.

"தேடுகிற பெயரை நாலு நாள் பிடித்துவைத்தால் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புதானே" என்றும் ஒரு மேதை கேட்டார். 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்கிற ரெஜிஸ்ட்ரார் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவர்கள் தளத்தில் ஒரு பெயரைத் தேடினால் போதும், உடனே அதைத் தங்கள் கையில் பிடித்துவைத்துக்கொள்வார்கள், நாலு நாளைக்கு வேறெங்கும் வாங்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்குச் செலவு? இதே ஓசி 5 நாள்தான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்றால் வேறென்ன?

மறுபடி சொல்கிறேன், நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன், அந்த 5 நாள் தப்பைத் திருத்திக்கொள்வதற்கு. அது இன்னும் அப்படியே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இது அந்தப் பதிவை எழுதிய தம்பிக்கே நன்றாகத் தெரியும், எனக்கு வலிப்பதும் அதுதான். 43 பேர் சிரித்ததுகூடப் பெரிதில்லை, அதில் ஒரு சிரிப்பு அவனுடையது.

2012-ல், அதாவது அவன் திட்டுகிற கட்டுப்பாடு வந்து மூன்று வருடம் ஆன பிறகு, அவனுடைய முதல் டொமைனை என் மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவன்தான் தட்டினான். அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான், நானும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் "அண்ணே, பேரு தப்பாப் போச்சுண்ணே" என்று போனில் அழாத குறை. வாங்கிய இடத்தில் நான் எழுதிக் கேட்டேன், நல்ல மனிதர்கள், அழித்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்தார்கள், சரியான எழுத்தோடு மறுபடி பதிந்தோம். மொத்தம் பத்து நிமிட வேலை. எந்தக் கட்டுப்பாடும் குறுக்கே வந்து நிற்கவில்லை.

அந்த டொமைனுக்கு அடுத்த மாதம் புதுப்பிக்கிற தேதி. மறந்துவிடாதே, போனால் யாராவது பிடித்துவிடுவான் என்று இன்று காலை அவனுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டான். பதில் இல்லை.