கபடி நடுவரையும் கொஞ்சம் படம் பிடியுங்கள்

இப்போதெல்லாம் ஊர்க் கபடி என்றாலே யூடியூப் லைவ் உண்டு. பொங்கல் சமயத்தில் எந்த மாவட்டத்து ஆட்டத்தையும் வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது என்னவோ பத்து விநாடித் துண்டு ஒன்று. கூடவே "அம்பயர் காசு வாங்கிட்டான்" என்று ஒரு வரி. ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஒழுங்காகத் தீர்ப்புச் சொன்ன மனிதர் அதோடு ஊருக்கே திருடனாகிவிடுகிறார்.

அந்த முழு வீடியோவும் நடுவர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறேன். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் போவதே இல்லை.

போனஸ் பாயின்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஆறு பேராவது நிற்க வேண்டும். ரைடரின், அதாவது பாடிப் போகிறவரின், ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதிய வேண்டும், அந்த நொடியில் பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அம்பயர் கோட்டுக்கு நேராக நின்றால்தான் இது பிடிபடும். இரண்டடி தள்ளி நின்றாலும் கால் கோட்டின் மேலேயே இருப்பது போலத்தான் தெரியும். லைவ் கேமராவோ பெரும்பாலும் ஸ்கோர் மேஜைப் பக்கம், உயரத்தில். பின்கால் அதற்கு எங்கே தெரியப்போகிறது? அதை வைத்துத் தீர்ப்பு தப்பு என்பது அநியாயம். ரைடர் 'கபடி கபடி' பாட்டை நடுவில் விட்டாரா என்பதற்கும் அது சாட்சி ஆகாது, கமென்ட்ரிக்காரர் போடுகிற சத்தத்தில்.

ஆனால் அம்பயர் எங்கே நின்றார் என்பது அதே வீடியோவில் பளிச்சென்று இருக்கும். ரைடரோடு கூடவே நகர்ந்தாரா, நடுக்கோட்டுப் பக்கமே நின்றுவிட்டாரா? கையைத் தூக்குவதற்கு முன் எதிர்ப்பக்க அம்பயரை ஒரு பார்வை பார்த்தாரா, கூட்டம் கத்தியதும் தூக்கினாரா? பயிற்சிக்கு வேண்டிய சரக்கு இதுதான்.

ரீப்ளே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியை நினைத்துப் பார்க்கட்டும். இந்தியா 28, ஈரான் 28. நம் ரைடர் பவன் செராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள், அதாவது ஆடுகளத்தின் ஓரப் பட்டைக்குள், போய்விட்டார், பிடிக்க வந்த ஈரான் வீரர்களும் பின்னாலேயே போனார்கள். ரைடர் மட்டும் அவுட்டா, பின்னால் போனவர்களுமா? பழைய விதி ஒன்று, புது விதி வேறொன்று. தீர்ப்பு மாறி மாறி வந்து, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29 என்று நமக்குத் தங்கம். நடந்தது என்ன என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை, எந்த விதி என்பதில்தான் சண்டை. முன்னாடியே உட்கார்ந்து இப்படி நாலு கிளிப் பார்த்துப் பேசி முடித்திருக்க வேண்டிய சமாசாரம் அது.

செய்வதும் பெரிய செலவில்லை. சீசன் முடிந்ததும் மாவட்ட நடுவர்களை ஒரு மண்டபத்தில் உட்கார வையுங்கள். தீர்ப்பு வரும் இடத்துக்கு முன்னால் வீடியோவை நிறுத்தி, ஆளாளுக்குத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் ஆட்டத்தின் வேகத்திலேயே ஓட்டுங்கள், ஸ்லோமோஷன் அப்புறம். மெதுவாக ஓட்டினால் எல்லா உரசலும் டச் மாதிரிதான் தெரியும். யாருக்கு மார்க் போடுவதாக இருந்தாலும் முழு ஆட்டத்துக்கும் போடுங்கள், ஒரு கிளிப்பை வைத்து அல்ல.

"ஜூனியர் பசங்க முன்னாடி சீனியர் தப்பைப் போட்டுக் காட்டுவதா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டார். ஊரே அதைச் செல்போனில் பார்த்துச் சிரித்து முடித்தாயிற்று ஐயா, நாம் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?