கொழும்பை ஓரிரவில் கடந்து போகாதீர்கள்

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் தங்கள் பயணத் திட்டத்தை அனுப்புவார்கள். கண்டி, நுவரெலியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கியிருப்பார்கள். கொழும்புக்கு மட்டும் விமானம் வந்திறங்கிய அந்த ஓர் இரவுதான். அதிலும் ஒரு மோல், தாமரைக் கோபுரத்தின் உச்சி, இப்போது உணவகங்கள் இருக்கும் கோட்டைப் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் ஒரு சாப்பாடு. "கொழும்பில என்ன இருக்கு பார்க்க?" என்று கேட்டுவிட்டு விடியற்காலை வான் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மனம் கேட்பதில்லை.

கொழும்பில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊரின் பழைய கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்குப் போக வேண்டும். காலையிலேயே, கால்நடையாக. போன வருடம் வந்த என் சித்தியிடம் அவரை அழைத்துவந்த வழிகாட்டி, "அங்கே நெரிசல், அழுக்கு, போக வேண்டாம்" என்று சொல்லித் தடுத்துவிட்டார். நெரிசல் உண்மைதான். கைப்பையை முன்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அதற்காக ஊரின் இதயத்தையே பார்க்காமல் போவதா?

புறக்கோட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், போன் சாமான்கள். இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் துணிமணி. செட்டியார் தெருவில் நகை. நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் திரும்பினால் அரிசி, சீனி, பருப்பு, மசாலா, கருவாடு என்று மொத்த வியாபாரம். எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான். செத்தல் மிளகாய்ச் சாக்கை அவிழ்க்கும்போது தெருவே தும்மும். மாசிக் கட்டைகள், அதாவது கல்லாகக் காய்ந்த மீன் துண்டுகள், விறகு மாதிரி அடுக்கியிருக்கும். முதலாளி இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவார், நன்றாகக் காய்ந்ததென்றால் 'டங்' என்று சத்தம் வரும். ஒரு கையால் தராசைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்பவரிடம் சிங்களத்தில் விலை சொல்வார், அந்தப் பக்கம் நிற்பவரிடம் தமிழில் மிச்சக் காசு கொடுப்பார். பின்னால் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே பாரவண்டி இழுத்து வருவார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து வந்து இந்த ஊரின் சுமையைத் தூக்குகிறவர்கள். வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

பேரம் பேசலாம், நடைபாதைக் கடையில் அது வழக்கம். ஆனால் மோலில் மறுபேச்சில்லாமல் கார்டை நீட்டுகிற கை, இங்கே ஒரு சட்டைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. அந்த நூறு ரூபாய் அந்த மனிதருக்குப் பெரிது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு நிற்பதுதான் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். சிவப்புப் பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1908ல் கட்டத் தொடங்கியது. செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன. ஆடி மாத வேல் விழாவின் இரதம் இங்கிருந்துதான் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகும். அப்படியே வடக்கே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். சில வாரங்களிலேயே திருத்திக் கட்டி மறுபடி திறந்தார்கள். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு வருகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். அந்தக் காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியது. வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து உள்ளே போனால் தூண்களின் இருட்டும் குளிர்ச்சியும் ஆளை அப்படியே நிறுத்திவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் போவது எனக்குத் தாங்காது.

தேசிய நூதனசாலைக்கும் (அருங்காட்சியகம்) போங்கள். 1877ல் திறந்த அந்த வெள்ளை மாளிகைக்குள் தெற்கே காலி நகரில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. சீனம், தமிழ், பாரசீகம். 1409 என்று தேதியிட்ட கல் அது. இந்தத் தீவுக்கு வந்தவன் தமிழிலும் எழுத வேண்டியிருந்தது. வேறெதற்கும் நேரமில்லாவிட்டாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

சரி, சாப்பாடு. கொத்து ரொட்டி எல்லோருக்கும் தெரியும், ஹோட்டலில் ஓடர் பண்ணாமல் தெருவோரக் கடையில் அந்தத் தகட்டுச் சத்தத்தோடு சாப்பிடுங்கள். கடற்கரையோரக் காலிமுகத்திடலில் இறால் வடை. மாலையில் முட்டை அப்பம்: மாவை ஊற்றித் தாச்சியைச் சுழற்றி, நடுவில் முட்டையை உடைத்து மூடுவார்கள். ஓரம் பொரிந்து, நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே காரமான கட்டா சம்பலோடு சுடச்சுடச் சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் அதன் உயிர் போய்விடும்.

கடைசியாக, தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தை. பனங்கட்டி, காயவைத்த பனங்கிழங்கான ஒடியல், மோர் மிளகாய், பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, தமிழ்ப் புத்தகம் எல்லாம் காலி வீதியின் இரண்டு பக்கமும் கிடைக்கும். சைவக் கடையில் உளுந்து வடையைக் கடித்து, பிளேன்டீ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டே தமிழ்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துப் பாருங்கள். 1983 யூலைக் கலவரத்தில் இதே வீதியில் தமிழர் கடைகளைத் தேடித் தேடி எரித்தார்கள். போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் திரும்பவும் பலகை எழுதி மாட்டினார்கள். நீங்கள் அங்கே வாங்குகிற ஒரு பை பனங்கட்டிக்கு இந்தக் கதையும் சேர்ந்துதான் விலை.

புறக்கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடைகளில் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையும் தவிருங்கள். வெள்ளவத்தையில் தங்கினால் காலையில் ரயிலில், புறக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் கோட்டை நிலையத்துக்குப் போங்கள். கொள்ளுப்பிட்டி வரை இடது பக்கம் முழுக்கக் கடல். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், சனிக்கிழமைகளில் நானே கூட்டிப்போகிறேன்.