கக்காடுவில் தேரை மட்டுமா காரணம்?
“வட ஆஸ்திரேலியாவின் கக்காடு தேசியப் பூங்காவில் சிறு பாலூட்டிகள் அருகியதற்குக் கரும்புத் தேரை ஒன்றே காரணம்” என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். 1935இல் குயின்ஸ்லாந்துக் கரும்பு வயல்களில் விடப்பட்ட அத்தேரை 2001 வாக்கில் கக்காடுவை எட்டியதும், அதைத் தின்ற வடக்கு குவோல்கள் (பூனையளவே ஆன, ஊன் தின்னும் பைப்பாலூட்டிகள்) நஞ்சேறி மடிந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் தேரையைத் தின்னாமல் பழமும் விதையும் தின்று வாழும் மர எலிகளும் குறைந்துள்ளன. 2001–04க்கும் 2007–09க்கும் இடையே ஆய்வுத் தளங்களில் பதிவான விலங்குகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்ததைத் தேரையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வறட்காலத்தின் பிற்பகுதியில் எரியும் கடுந்தீ புல்மறைவை அழித்துவிட, வெட்டவெளியான அந்நிலத்தைப் பூனைகள் (நம் காட்டுப்பூனை அல்ல, ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிவிட்ட வீட்டுப்பூனை) தேடிச்சென்று வேட்டையாடுவதைக் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் அவற்றுக்கு இடங்காட்டும் கழுத்துப்பட்டைக் கருவி பொருத்தி நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.