முகமூடியைப் பார்க்காதீர்கள், சான்றிதழைப் பாருங்கள்
"சூப்பர்ஹீரோ படம்னாலே குழந்தைகளுக்குத்தான், பெற்றோர் கூட வந்தா புதுச்சேரி தியேட்டர்ல விடுவாங்க, கடலூர்லதான் கெடுபிடி" என்று சிலர் சொல்வது தவறு. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் மத்தியச் சட்டம். இரண்டு ஊருக்கும் ஒரே விதிதான். தணிக்கைச் சான்றிதழ் 'ஏ' என்றால் 18 வயது நிரம்பாதவருக்கு அனுமதியே இல்லை, அப்பா அம்மா கூட வந்தாலும். 'டெட்பூல்' (2016), 'லோகன்' (2017) இரண்டும் 'ஏ' வாங்கியவை, சூப்பர்ஹீரோ படங்கள்தான்.

'யு/ஏ' வேறு. அது தடையல்ல, முடிவு பெற்றோர் கையில். 2024 முதல் அதிலும் 7+, 13+, 16+ என்று மூன்று வயதுப் படி. பலர் சறுக்குவது இங்கேதான்: 'யு/ஏ' என்பதோடு நிறுத்திவிட்டு எண்ணைப் பார்ப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு 16+ படம் வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன்பே எண்ணைப் பாருங்கள்.