‘போகப் போக மாறிடுவாங்க’ என்று நம்பிக் காதலிக்காதீர்கள்

ஒருவருக்குக் கடவுளே கிடையாது. இன்னொருவர் கிறிஸ்தவர்; அவருக்கு ஜெபம் இல்லாமல் நாள் விடியாது. இப்படி இருவர் காதலித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், ‘அன்பு இருந்தால் போதும்’ என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் ‘சரிப்பட்டு வராது’ என்பார்கள். இரண்டுமே அவசரப் பதில்கள். இந்த உறவுகள் நிலைக்கவும் செய்கின்றன, உடையவும் செய்கின்றன. உடைவது பெரும்பாலும் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தால் அல்ல. அது கொஞ்ச நாளில் இருவருக்குமே சலித்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையின் ஞானஸ்நானம், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, குடும்பக் கட்டுப்பாடு, கடைசியில் அடக்கம். இந்த இடங்களில்தான் விரிசல் விழும். எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் எதிர்பார்ப்பு கிடக்கும்: இவர் ஒருநாள் நம் பக்கம் வந்துவிடுவார்.

அந்த எதிர்பார்ப்பு இரு பக்கமும் இருக்கும். விசுவாசியின் பக்கம் அது இப்படித் தெரியும்: ‘சும்மா ஒரு தடவை ஆராதனைக்கு வா’ என்ற அழைப்பு வாராவாரம் வரும், வர மறுத்தால் முகம் வாடும், உங்கள் பெயர் ஜெபக்குழுவின் விண்ணப்பப் பட்டியலில் இருப்பது உங்களுக்கே பிறகுதான் தெரியவரும், சண்டையின் முடிவில் ‘உனக்காக ஜெபிக்கிறேன்’ என்பது கடைசி வார்த்தையாக வந்து விழும். நாத்திகரின் பக்கமும் குறைச்சல் இல்லை. வேதாகம முரண்பாடுகளைப் பற்றிய காணொளிகளை அனுப்பிக்கொண்டே இருப்பார். ஜெபம் முடியும்வரை பொறுக்காமல் செல்பேசியை எடுப்பார். ‘படித்த ஆள், தானாகத் தெளிந்துவிடுவாள்’ என்று மனசுக்குள் கணக்குப் போடுவார். இரண்டும் ஒரே தவறு. கையில் இருக்கும் மனிதரை விட்டுவிட்டு, வரப்போகும் யாரோ ஒருவரைக் காதலிப்பது.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். உறவு தொடங்கி மூன்று மாதத்துக்குள் ஒருவரையொருவர் கேளுங்கள்: ‘பத்து வருஷம் கழிச்சும் நான் இப்படியே இருந்தா, உனக்கு இது போதுமா?’ ‘பார்க்கலாம்’ என்றோ ‘கடவுள் பார்த்துக்குவார்’ என்றோ பதில் வந்தால் அதை ‘போதாது’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். ஐந்தாவது வருஷம் கேட்கும்போது வரும் கசப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

நாத்திகர் தன் துணையின் வீட்டுப் பெரியவர்களைச் சந்திக்கும் முன் வேதாகமத்தின் மூன்று பகுதிகளைப் படித்துவிடுவது நல்லது. முதலாவது, எல்லோரும் எடுத்துக்காட்டும் ‘அந்நிய நுகம்’: 2 கொரிந்தியர் 6:14. விசுவாசம் இல்லாதவர்களோடு ஒரே நுகத்தில் பிணையாதே என்பது அது. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டாதே என்று உபாகமம் 22:10 சொல்வதன் சாயல் இதில் இருக்கிறது. சுற்றியுள்ள வசனங்களில் திருமணம் என்ற சொல்லே கிடையாது. இருந்தாலும் சபைகள் இதைத் திருமணத்துக்குத்தான் முதலில் பொருத்துகின்றன. நேரடியாகப் பேசுவது 1 கொரிந்தியர் 7:39. விதவை மறுமணம் செய்துகொள்ளலாம், ஆனால் கணவர் ‘கர்த்தருக்குட்பட்டவனாயும்’ இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது அதே அதிகாரத்தின் 12 முதல் 14 வரையுள்ள வசனங்கள். விசுவாசம் இல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவரைத் தள்ளிவிடாதே என்கிறார் இந்தக் கடிதங்களை எழுதிய பவுல். ஆக, புதிதாகச் சேர்வதற்கு ஒரு நிலைப்பாடு, ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களுக்கு வேறொன்று. உங்கள் துணை முதல் இரண்டையும் தனக்கிட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்பவர் என்றால், வாதாடி அவரை அதிலிருந்து இறக்காதீர்கள். மனசாட்சியை மீறி உங்களோடு இருப்பவருக்குக் குற்றவுணர்வு எப்படியும் வரும். அந்தக் கணக்கு உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

அடுத்தது, ‘கிறிஸ்தவர்’ என்ற ஒரே சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். எந்தச் சபை என்பதைப் பொறுத்து நடைமுறை அடியோடு மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் எழுதப்பட்ட சட்டமே இருப்பதால், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1086ஆம் எண், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவருடன் கத்தோலிக்கர் செய்யும் திருமணத்தை, விதிவிலக்கு வாங்காவிட்டால் செல்லாது என்கிறது. விதிவிலக்கு ஆயர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை அனுப்புவார். அதற்கான நிபந்தனைகள் 1125ஆம் எண்ணில் உள்ளன. கத்தோலிக்கத் துணை தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாக அறிவிக்க வேண்டும்; பிள்ளைகள் எல்லோருக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்குத் தந்து அதே நெறியில் வளர்க்கத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை நாத்திகர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருவருமே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அதை மாற்றினார்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாத்திகர் கைக்குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குப் பெற்றிருந்தால், இன்று அவர் எதை நம்பினாலும் திருச்சபையின் பார்வையில் திருமுழுக்குப் பெற்றவர்தான். அப்போது 1086 பொருந்தாது. அவர் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்று, பின்பு விசுவாசத்தை ஊரறியத் துறந்தவர் என்றால் 1071ஆம் எண்ணின்படி ஆயரின் அனுமதி வேண்டும். வேறு சபையில் பெற்றிருந்தால் கலப்புத் திருமண அனுமதி. ஆகவே பங்குத்தந்தையைப் பார்க்கப் போகுமுன் பழைய திருமுழுக்குச் சான்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தேதி குறித்த பிறகு தேடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்றையும் நாத்திகர் நேர்மையாக யோசிக்க வேண்டும். திருமணம் பிரிக்க முடியாதது, பிள்ளைப்பேற்றுக்கு இடம் தருவது என்று இருவருக்கும் சொல்லித்தருவார்கள். ‘ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடலாம்’ என்றோ ‘பிள்ளையே வேண்டாம்’ என்றோ திட்டமாக முடிவு செய்துவிட்டு, வெளியே தலையாட்டுவது பின்னால் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கும் காரணமாகலாம். மனதில் இருப்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். குருமார் இதைவிடக் கடினமான பேச்சுகளையெல்லாம் கேட்டவர்கள். திருமுழுக்குப் பெறாதவருடனான சடங்கு வழக்கமாகத் திருப்பலி (பூசை) இல்லாமல்தான் நடக்கும் என்பதையும் வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அது அவமரியாதை இல்லை; ஒருவருக்கு மட்டும் நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்), இன்னொருவருக்கு இல்லை என்ற நிலை மணநாளிலேயே வராமல் தடுக்கும்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் திருமுழுக்குப் பெறாதவருடன் பொதுவாக ஆலயத் திருமணம் கிடையாது. சீர்திருத்தச் சபைகளில் சபைக்குச் சபை, சில இடங்களில் போதகருக்குப் போதகர் மாறும். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் பல போதகர்கள் மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பை வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கள் நம்பாத ஒன்றை ஆசீர்வதிக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

‘கல்யாணத்துக்காக ஒரு முழுக்குப் போட்டுடு, அப்புறம் உன் இஷ்டம்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முழுக்குப் பெற்ற நாத்திகரிடம் அடுத்து திருவிருந்து, பிறகு சபை முன் சாட்சி சொல்வது, பிறகு ஊழியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தேவைப்படும். உண்மையாக விசுவசிக்கும் துணைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ‘பெரியவனானதும் அவனே முடிவு பண்ணிக்கட்டும்’ என்பது நடுநிலை மாதிரி ஒலிக்கும். குழந்தை முழுக்கு உள்ள சபைகளில் அது நடுநிலை ஆகாது. விசுவாசியைத் தன் கடமையைக் கைவிடச் சொல்வது. கத்தோலிக்கச் சட்டம் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் முழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும் என்றும் சொல்கிறது. அதாவது நாத்திகர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் திருச்சபைச் சட்டப்படியே முழுக்கு முடிந்துவிட வாய்ப்பு உண்டு. நம்பிக்கை சிதைய அது ஒன்று போதும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பிள்ளை தானாகத் தன் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே ஞானஸ்நானம் என்பதால் இந்த அவசரம் இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளி இருக்கிறது, விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது. எனவே கர்ப்பம் தரிக்குமுன்பே இவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதிவையுங்கள்: முழுக்கு உண்டா, எப்போது? ஞாயிறு பள்ளிக்கு எந்த வயதிலிருந்து? பிள்ளை ‘வரமாட்டேன்’ என்றால் எந்த வயதில் அதைக் கேட்போம்? ‘அப்பா ஏன் ஜெபம் பண்றதில்ல?’ என்று கேட்டால் இருவரும் சொல்லப்போகும் ஒரே பதில் என்ன? தாத்தா பாட்டி தனியாகக் கூட்டிப்போக எதுவரை அனுமதி? கடைசிக் கேள்வியை விடுபவர்கள்தான் அதிகம், சண்டையும் பெரும்பாலும் அதில்தான் வெடிக்கும்.

இனி நரகம். பலரும் தள்ளிப்போடும் பேச்சு இதுதான். உங்களோடு ஒரே தலையணையில் படுப்பவர் நீங்கள் நித்திய ஆக்கினைக்குப் போவீர்கள் என்று நம்புகிறாரா? நேராகக் கேளுங்கள். கிறிஸ்தவர்களிடையே இதற்கு ஒரே பதில் இல்லை. முடிவில்லாத வேதனை என்பவர்கள் உண்டு, ஆத்துமா அழிந்துபோகும் என்பவர்கள் உண்டு, எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பி ஜெபிப்பவர்களும் உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று, தங்கள் குற்றமின்றிக் கடவுளை வெளிப்படையாக அறியாமல் நல்வாழ்வு வாழ முயல்வோருக்கும் மீட்புக்கு வேண்டிய உதவியைக் கடவுள் மறுப்பதில்லை என்கிறது. பதில் எதுவானாலும், நாத்திகர் சிரிக்கக் கூடாது. அந்த மனிதர் உங்களை இழந்துவிடுவோமோ என்று நிஜமாகவே இரவில் பயந்திருக்கலாம். அந்தப் பயத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் அதையே தினமும் கேட்டுக்கொண்டு உங்களால் வாழ முடியுமா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும்; அதற்கு முடியாது என்று சொல்வதும் நியாயமே.

உடல் சார்ந்த விஷயங்களில் எல்லையை வைப்பவரின் எல்லைதான் எல்லை. திருமணம் வரை காத்திருப்பேன் என்று சொன்னவரை ‘பழைய பஞ்சாங்கம்’ என்று கேலி செய்து நெருக்குவது வன்முறைக்குப் பக்கத்து வீடு. திருமணத்துக்குப் பிறகும் கேள்வி உண்டு: ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930 லாம்பெத் மாநாட்டிலேயே கருத்தடைக்கு வரம்புடன் இடம் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1968இல் செயற்கைக் கருத்தடைக்கு மறுப்பை உறுதிசெய்தது. செயற்கைக் கருவூட்டலையும் ஏற்பதில்லை. போதனையை உங்கள் துணை எவ்வளவு கடைப்பிடிக்கிறார் என்பது வேறு. அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சபையை வைத்து ஊகிக்காதீர்கள்.

பணத்துக்கு ஒரு நேரான வழி இருக்கிறது. தசமபாகம் என்றால் பத்து சதவீதம், ஆனால் எதில் பத்து? பிடித்தம் போவதற்கு முன்பா, பின்பா? ஒருவர் சம்பளத்திலா, இருவர் சம்பளத்திலுமா? வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் பொதுக் கணக்கு, மீதிக்கு அவரவர் தனிக் கணக்கு என்று பிரித்துவிட்டால், காணிக்கை விசுவாசியின் தனிக் கணக்கிலிருந்து போகும். நாத்திகர் அதைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. பொதுக் கணக்கிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு சொல்வதுதான் புண்ணாகும்.

ஆராதனைக்கு நாத்திகர் போவதா என்றால், வருஷத்தில் எத்தனை முறை என்று பேசி வைத்துக்கொண்டு போகலாம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், குடும்பத் திருமணங்கள் என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. எல்லோரும் எழுந்தால் எழுங்கள்; மண்டியிட வேண்டியதில்லை, ஆமென் சொல்ல வேண்டியதில்லை. நற்கருணையோ திருவிருந்தோ வரும்போது இருக்கையிலேயே இருங்கள். வீட்டில் உணவுக்கு முன் ஜெபம் என்றால் அரை நிமிடம் அமைதி. இது நடிப்பு ஆகாது, வீட்டில் தூங்குபவருக்காகச் சத்தம் குறைப்பதைப் போன்றது.

இறுதிச் சடங்கை எழுதிவையுங்கள். நாத்திகர் இறந்தால் ஜெபம் உண்டா, கிடையாதா, புதைப்பதா, எரிப்பதா என்று கையெழுத்தோடு ஒரு தாள். இல்லாவிட்டால் துக்கத்தில் இருக்கும் துணை, இரண்டு வீட்டாருக்கும் நடுவில் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவும் காதல் தொடங்கும்போதே தெரிந்து வருபவர்களுக்கு. இருவரும் விசுவாசிகளாகச் சேர்ந்து, இடையில் ஒருவர் விசுவாசத்தை இழப்பதும் நடக்கிறது. இது இன்னும் கனமானது, ஏனென்றால் மற்றவர் சம்மதித்தது வேறொருவருக்கு. அப்படி மாறியவர் சபையிலோ பெற்றோரிடமோ சொல்வதற்கு முன் துணையிடம் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் எல்லா வாதங்களையும் கொட்டக் கூடாது. எது மாறவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்: உன்மேல் உள்ள அன்பு, நாம் கொடுத்த வாக்கு, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு. பிள்ளைகள் சபைக்குப் போவதை அன்றே நிறுத்தாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் பழைய வழக்கம் அப்படியே நடக்கட்டும். துணை அழுதால் அழவிடுங்கள். மேலே சொன்ன 1 கொரிந்தியர் 7:12–14 எழுதப்பட்டது துணைகளில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கும் வீடுகளுக்குத்தான். விலகிப்போ என்று யாராவது அவரிடம் சொல்வதற்கு முன், அந்த மூன்று வசனங்களையும் அவரே எடுத்துப் படிக்க நேரம் கொடுங்கள்.