கொழுகொழு மட்டும் கணக்கில்லை

தாய்ப்பாலில் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இருப்பதால்தான் அதைக் குடிக்கும் குழந்தை அளவோடு வளர்கிறது என்கிறது தாய்ப்பாலைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, லெப்டின் இருப்பது உண்மைதான். ஆனால் புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே!

தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம்தான் புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். கைக்குழந்தைகளுக்கான பவுடர் பால் இரண்டுக்கும் நடுவில். புரதம் கூடினால் இன்சுலினும், வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 ஹார்மோனும் ஏறும், எடையும் கூடவே ஏறும். ஐரோப்பாவில் 5 நாடுகளில் புரதம் கூடிய பவுடர் பாலையும் குறைந்த பவுடர் பாலையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2014இல் வந்த முடிவின்படி, 6 வயதில் உடல் பருமன் புரதம் கூடிய பாலைக் குடித்தவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்புறம் புட்டியின் கதை தனி. மார்பில் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே விட்டுவிடும். புட்டியில் மிச்சம் இருந்தால் நமக்கு மனசு கேட்காது, கடைசிச் சொட்டு வரை ஊட்டிவிடுவோம்.

என் மகள் 5 மாதத்தில் ஒல்லிதான். "பால் பத்தல, டப்பா பால் குடு" என்று மாமியார் நச்சரித்தார். தாய்ப்பால் குடித்த குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் டாக்டர் புள்ளி வைத்து, எடை சரிதான் என்று காட்டிய பிறகுதான் அடங்கினார்.

பவுடர் பால் கொடுத்தே ஆகவேண்டிய அம்மாக்களுக்காக, டப்பாவில் புரத அளவைப் பார்க்கச் சொல்லி கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.